படியின் அளவும் விழுந்தவர் கணக்கும்

எங்கள் வாசகர் வட்டம் மாதந்தோறும் இரண்டாம் ஞாயிறு மாலை கூடும். பன்னிரண்டு ஆண்டுகளாக இடம் மாறவில்லை. கடைத்தெருவில் உள்ள பழைய கட்டடம் ஒன்றின் மாடியறை. சென்ற ஆண்டு ஐப்பசி மாதக் கூட்டம் முடிந்து எல்லோரும் இறங்கிக்கொண்டிருந்தபோது, எங்களுள் மூத்தவரான நண்பர் மாடித் தளத்தின் விளிம்பிலிருந்து முதற்படிக்குக் கால் வைத்தார். மறுகணம் பாதிப் படிக்கட்டைத் தாண்டிக் கிடந்தார். கையிலிருந்த பையும் புத்தகங்களும் அவருக்கு முன்பே கீழே போய்ச் சேர்ந்திருந்தன. இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை நடந்தது. தேறிவிட்டார் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். ஆனால் அவர் இன்றுவரை எந்த மாடிக்கும் ஏறவில்லை.

மூன்று மாதம் கழித்து அவரைக் காணச் சென்றோம். "படிக்கட்டு என்ன செய்யும்? எழுபத்திரண்டு வயதில் கீழே பார்த்து நடந்திருக்க வேண்டியவன் நான்தான். பேச்சு சுவாரசியத்தில் பராக்குப் பார்த்துவிட்டேன்" என்றார். அவர் பராக்குப் பார்க்கவில்லை என்பது பக்கத்தில் இறங்கிய எங்களுக்குத் தெரியும். எங்கள் வட்டத்தில் கட்டடப் பொறியாளர் ஒருவர் இருக்கிறார். அடுத்த கூட்டத்திற்கு அவர் அளவு நாடாவோடு வந்தார்.

மொத்தம் 17 படிகள். கீழிருந்து எண்ணினால் முதல் 16 படிகளின் உயரமும் 170 மில்லிமீட்டர். ஒன்றிரண்டு கூடக் குறைய இருந்தன. பதினேழாவது, அதாவது கடைசிப் படியிலிருந்து மாடித் தளத்துக்கு ஏறும் உயரம் மட்டும் 212 மில்லிமீட்டர். காரணத்தைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. நண்பர் விழுவதற்கு இரண்டு மாதம் முன்பு, மாடியறையின் பழைய சிவப்புத் தரையைப் பெயர்க்காமல் அதன்மேலேயே சிமெண்டுக் கலவை பரப்பி டைல்ஸ் பதித்திருந்தார்கள். தளம் 42 மில்லிமீட்டர் உயர்ந்துவிட்டது. படிக்கட்டு இருந்தபடியே இருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளாக அந்தப் படியில் இறங்கிய கால், 170 மில்லிமீட்டர் கீழே கல்லை எதிர்பார்த்தது. அங்கே கல் இல்லை. இன்னும் இரண்டு விரற்கடை அந்தரம் இருந்தது.

பேசிப் பார்த்தபோது இன்னொன்றும் தெரியவந்தது. அந்த இரண்டு மாதங்களில் எங்களில் நால்வர் அதே படியில் ஏறும்போதோ இறங்கும்போதோ தடுமாறியிருந்தோம். ஒருவரும் மற்றவரிடம் சொல்லவில்லை. சொல்லத் தகுந்த செய்தியாகவே அது எவருக்கும் படவில்லை.

படியை மனிதன் எப்போது அளக்கத் தொடங்கினான், விழுகின்றவனை எப்போது அளக்கத் தொடங்கினான் என்ற கேள்வி அன்று எழுந்தது. இரண்டும் ஒரே காலத்தில் தொடங்கியிருக்கும் என்று எண்ணினோம். தேடிப் படித்தபோது, இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் இருப்பதைக் கண்டோம்.

படியின் நெட்டுயரத்தைக் கட்டடத் தொழிலில் ரைசர் என்றும், கால் வைக்கும் பரப்பின் அகலத்தை டிரெட் என்றும் சொல்கிறார்கள். இக்கட்டுரையில் முன்னதை ஏற்றம் என்றும் பின்னதை மிதி என்றும் வழங்குவோம்.

எழுத்தில் நமக்குக் கிடைக்கும் பழைய படி அளவுகளுள் முக்கியமானவை விட்ருவியஸ் தருபவை. கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த இந்த ரோமானியக் கட்டடக் கலைஞர், கட்டடக்கலை குறித்துப் பத்துப் புத்தகங்கள் கொண்ட நூலை இயற்றினார். அதன் மூன்றாம் புத்தகத்தில் கோயிலின் முன்படிகளைப் பற்றிச் சொல்கிறார். படிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். வலக்காலை முதற்படியில் வைத்தவர் கோயில் தளத்தையும் வலக்காலாலேயே மிதிக்க வேண்டும் என்பது காரணம். ஏற்றம், அடியைப் பன்னிரண்டாகப் பகுத்தால் ஒன்பது பங்குக்குக் குறையாமலும் பத்துப் பங்குக்கு மிகாமலும் இருக்கலாம். மிதி ஒன்றரை அடிக்குக் குறையாமலும் இரண்டடிக்கு மிகாமலும் இருக்கலாம். ரோமானிய அடி ஏறத்தாழ 296 மில்லிமீட்டர் ஆகையால், ஏற்றம் 222 முதல் 247 மில்லிமீட்டர் வரை வருகிறது. இன்றைய கணக்கில் அது செங்குத்தான ஏற்றம். ஆயினும் அகன்ற மிதி அதை ஓரளவு ஈடுசெய்தது. ஒன்பதாம் புத்தகத்தின் முன்னுரையில் பித்தகோரஸின் முக்கோணத்தைப் படிக்கட்டுக்குப் பொருத்துகிறார்: உயரம் மூன்று பங்கு, தரையில் நீளம் நான்கு பங்கு, சாய்வு ஐந்து பங்கு.

ஒற்றைப்படை எண்ணிக்கை நமக்குப் புதிதன்று. வீடு கட்டும்போது நம்மூரில் படிகளை 'லாபம், நஷ்டம்' என்று மாற்றி மாற்றி எண்ணி, கடைசிப்படி லாபத்தில் முடிகிறதா என்று பார்ப்பதை நாம் அறிவோம். ரோமுக்கும் நமக்கும் தொடர்பு கற்பிக்க நாங்கள் வரவில்லை. வலக்கால் நன்மை என்ற எண்ணம் பல நாடுகளில் தனித்தனியே முளைக்கக் கூடியது. நாங்கள் கவனித்தது வேறொன்று. விட்ருவியஸ் ஏற்றத்துக்கு அளவு வகுத்துவிட்டுச் சொல்லும் காரணம், ஏறுவது கடினமாக இராது என்பது. அவருடைய படியில் மனிதன் ஏறிக்கொண்டே இருக்கிறான். அவன் இறங்கியாக வேண்டும் என்பது அந்த இடத்தில் பேசப்படவில்லை.

விழுகின்றவனை நினைத்த முதற்குரல் என்று நாங்கள் கண்டது பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலியில் ஒலித்தது. லியோன் பத்திஸ்தா ஆல்பெர்தி 1452 வாக்கில் எழுதி, அவர் மறைவுக்குப் பின் 1485இல் அச்சான கட்டடக்கலை நூலில் படிக்கட்டுகளைப் பற்றிய பகுதி ஒன்று உண்டு. படிக்கட்டு கட்டடத்தின் அமைப்பைக் குலைப்பது, எண்ணிக்கையில் குறைவாக இருப்பதே நல்லது என்பது அவருடைய பொதுவான கருத்து. ஆனால் அதே இடத்தில் அவர் ஒன்றைச் சொல்கிறார். சிறந்த கட்டடக் கலைஞர்கள் ஏழு அல்லது ஒன்பது படிகளுக்கு மேல் தொடர்ச்சியாக வைக்க மாட்டார்கள். இடையில் ஒரு சமதளம் விடுவார்கள். தளர்ந்தவரும் நலிந்தவரும் அங்கே இளைப்பாறலாம். இடறி விழ நேர்ந்தால் அந்த வீழ்ச்சி அங்கே தடைபட்டு, விழுந்தவர் தம்மை நிலைப்படுத்திக்கொள்ள இடமிருக்கும்.

ஏழும் ஒன்பதும் கோள்களின் எண்ணிக்கையையோ வானங்களின் எண்ணிக்கையையோ ஒட்டி வந்திருக்கலாம் என்று ஆல்பெர்தி கருதுகிறார். எண் வானத்திலிருந்து வந்தாலும், சமதளத்துக்கு அவர் தரும் காரணம் மண்ணைச் சேர்ந்தது. மனிதன் விழுவான், அவன் விழும்போது கட்டடம் அவனைத் தாங்க வேண்டும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. பின்வந்தவர்கள் ஆல்பெர்தியின் எண்களையும் விகிதங்களையும் எடுத்துக்கொண்ட அளவுக்கு இந்த எண்ணத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

1570இல் வெளிவந்த பல்லாதியோவின் நான்கு புத்தகங்களிலும் படி அளவு உண்டு. ஏற்றம் அரையடிக்கு மிகலாகாது. நீண்ட படிக்கட்டுகளில் குறைக்கலாம், ஆனால் நான்கு அங்குலத்துக்குக் கீழே போகலாகாது. மிதி ஓரடிக்குக் குறையலாகாது, ஒன்றரை அடிக்கு மிகலாகாது. அவர் கையாண்டது விச்சென்சா நகரத்து அடி. அது சுமார் 357 மில்லிமீட்டர். எனவே அவருடைய அரையடி 178 மில்லிமீட்டராகிறது. எங்கள் மாடிப்படியின் 170 அதற்கு மிக அருகில் வருகிறது. விட்ருவியஸை விடப் பல்லாதியோவின் படி எவ்வளவோ இதமானது. பழையோர் ஒற்றைப்படையில் படி வைத்ததை, வலக்காலில் தொடங்கி வலக்காலில் முடிவது நன்னிமித்தம் என்று அவர்கள் கருதியதை, அவரும் குறிப்பிடுகிறார்.

அடுத்த நூற்றாண்டில்தான் படியை அளக்க ஒரு சூத்திரம் பிறந்தது. அதை வகுத்தவர் பிரான்சுவா ப்ளோந்தெல் (1618-1686). கணிதம் வல்லவர், படைத்துறைப் பொறியாளர், அரசத் தூதராகவும் பணிபுரிந்தவர். பதினான்காம் லூயி மன்னர் 1671இல் நிறுவிய கட்டடக்கலைக் கழகத்தின் முதல் தலைவர். பாரிஸின் சேன்-தெனி வாயில் வளைவு இவர் வடிவமைத்தது. கழகத்தில் நடத்திய பாடங்களை 1675 முதல் 1683 வரை நூலாக வெளியிட்டார்.

ப்ளோந்தெலின் தருக்கம் எளிமையானது, அழகானதும்கூட. சமதரையில் இயல்பாக நடக்கும் மனிதனின் எட்டு 24 அங்குலம். நெட்டுக்குத்தான ஏணியில் ஏறும்போது அவன் எட்டு 12 அங்குலம். அப்படியானால் மேலே ஏறும் ஓர் அங்குலம், முன்னே நடக்கும் இரண்டு அங்குலத்துக்குச் சமம். எனவே ஏற்றத்தை இரண்டால் பெருக்கி அதனோடு மிதியைக் கூட்டினால் 24 வர வேண்டும். ஏற்றம் 6 அங்குலமானால் மிதி 12; ஏற்றம் 7 ஆனால் மிதி 10. அதுவரை கோயிலின் விகிதத்திலிருந்தும் நல்ல நிமித்தத்திலிருந்தும் வந்த அளவு, இப்போது நடக்கும் மனிதனின் காலிலிருந்து வந்தது. இது பெரிய மாற்றம் என்பதில் ஐயமில்லை.

ஆனால் சூத்திரத்தைச் சற்று இழுத்துப் பார்த்தால் அதன் குறை தெரியும். ஏற்றம் 10 அங்குலம் என்று கொண்டால் மிதி 4 அங்குலம் வருகிறது. அந்தப் படியில் பாதத்தின் முன்பகுதிகூட அடங்காது. கணக்கு சரியாக இருக்கிறது. கால் வைக்க இடமில்லை. நடையின் தாளத்தை ப்ளோந்தெல் அளந்தார். பாதத்தின் நீளம் அந்தக் கணக்கில் இடம்பெறவில்லை.

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. அவர் கையாண்ட பிரெஞ்சு அரச அங்குலம் 27 மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்டது; 24 அங்குலம் என்பது சுமார் 650 மில்லிமீட்டர். சூத்திரம் ஆங்கில நாடுகளின் கைந்நூல்களுக்குச் சென்றபோது எண் அப்படியே போயிற்று, அங்குலம் மாறிவிட்டது. ஆங்கில அங்குலத்தில் 24 என்பது 610 மில்லிமீட்டர்தான். காலப்போக்கில் மனிதர்கள் உயரமானார்கள், பாதங்கள் நீண்டன; கைந்நூலின் படி சிறுத்தது. எண்ணை நம்பியவர்கள் காலை மறுபடி அளந்து பார்க்கவில்லை. முந்நூறு ஆண்டுகள் கழித்தும் அந்தச் சூத்திரம் வாழ்கிறது. இங்கிலாந்தின் கட்டட விதிகள் ஏற்றத்தின் இருமடங்கோடு மிதியைக் கூட்டினால் 550 முதல் 700 மில்லிமீட்டருக்குள் வர வேண்டும் என்கின்றன.

படியில் விழுந்தவர்கள் இத்தனை நூற்றாண்டுகளும் இருந்தார்கள். அவர்கள் கட்டடக்கலை நூல்களுக்குள் வரவில்லை. விழுவது விதி, அல்லது கவனக்குறைவு, அல்லது முதுமை. கட்டடத்தோடு அதற்குத் தொடர்பில்லை என்பதே எங்கும் நிலவிய எண்ணமாக இருந்தது. அந்த எண்ணம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதைக் காட்ட, இருபதாம் நூற்றாண்டிலிருந்து இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்ல வேண்டும். இரண்டும் கூட்ட நெரிசலில் முடிந்தவை; இரண்டும் நடந்தது படிக்கட்டில்.

முதலாவது, இலண்டனின் கிழக்குப் பகுதியான பெத்னல் கிரீனில் 1943 மார்ச் 3 அன்று நடந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலம். கட்டி முடியாத சுரங்க ரயில் நிலையம் ஒன்று குண்டுவீச்சுப் புகலிடமாகப் பயன்பட்டது. அன்று இரவு எட்டு மணிக்குப் பின் அபாயச் சங்கு ஒலித்தது; மக்கள் ஒரே வாயில் வழியாக இறங்கத் தொடங்கினார்கள். அருகிலிருந்த பூங்காவிலிருந்து புதுவகை விமான எதிர்ப்பு ஏவுகணைகள் பாய்ந்தன. பழகாத அந்த ஓசையைக் கேட்டுக் கூட்டம் விரைந்தது. முதல் சமதளம் வரை 19 படிகள். மழையில் நனைந்த படிகள். நடுவே பற்றிக்கொள்ளக் கைப்பிடி இல்லை. படியின் விளிம்பில் வெள்ளைக் கோடு இல்லை. மங்கலான ஒற்றை விளக்கு. கீழ்ப்படிகளுக்கு அருகே குழந்தையோடு வந்த பெண்மணி ஒருவர் இடறி விழுந்தார் என்கிறார்கள். அவர்மேல் ஒருவர், அவர்மேல் மற்றொருவர் என்று சில நொடிகளில் படிக்கட்டு மனிதர்களால் அடைபட்டது. இறந்தவர்கள் 173 பேர். அவர்களுள் 62 பேர் குழந்தைகள். அன்று அந்த இடத்தில் ஒரு குண்டும் விழவில்லை.

விசாரணை இரகசியமாக நடந்தது. மக்கள் தன்கட்டுப்பாட்டை இழந்ததே முதன்மைக் காரணம் என்று அறிக்கை முடிவுகட்டியது. அந்த வாயிலைத் திருத்தியமைக்க அனுமதி கேட்டு உள்ளூர் நகரமன்றம் 1941இலேயே எழுதியிருந்தது, மேலிடம் அதை ஏற்கவில்லை என்பது பொதுமக்களுக்குச் சொல்லப்படவில்லை. விபத்துக்குப் பின் கைப்பிடிகள் வந்தன. படி விளிம்புகளுக்கு வெள்ளை பூசப்பட்டது. பழி மக்கள்மேல் விழுந்தது. பழுதுபார்ப்பு படியில் நடந்தது. இறந்தவர்களுக்கு அங்கே எழுப்பப்பட்ட நினைவுச்சின்னம் 2017இல் நிறைவுற்றது. அது தலைகீழாகக் கவிழ்த்த ஒரு படிக்கட்டின் வடிவில் இருக்கிறது.

இரண்டாவது, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் உள்ள ஐப்ராக்ஸ் கால்பந்தரங்கில் 1971 ஜனவரி 2 அன்று நடந்தது. ஆட்டம் முடிந்து ரசிகர்கள் 13ஆம் எண் படிக்கட்டில் இறங்கினார்கள். யாரோ இடறினார்கள், பின்னால் வந்தவர்கள் நிற்க முடியவில்லை. 66 பேர் இறந்தார்கள். கடைசி நிமிடத்தில் அடிக்கப்பட்ட கோலின் ஆரவாரம் கேட்டு, வெளியேறியவர்கள் திரும்பி ஓடிவந்து மோதினார்கள் என்ற கதை உடனே பரவியது. விசாரணை அதை ஏற்கவில்லை. எல்லோரும் ஒரே திசையில் இறங்கிக்கொண்டிருந்தார்கள் என்று கண்டது. அதே படிக்கட்டில் 1961இல் இருவர் உயிரிழந்திருந்தார்கள். பின்னும் விபத்துகள் நிகழ்ந்திருந்தன. படிக்கட்டு முன்பே சொல்லிக்கொண்டுதான் இருந்தது. இந்த விபத்தை அடுத்து, 1975இல் பிரிட்டனில் விளையாட்டரங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

இத்தகைய பெருநிகழ்ச்சிகளுக்கு விசாரணை உண்டு, நினைவுச்சின்னம் உண்டு. வீட்டுப் படியில் தனியே விழும் ஒருவருக்கு அவை இல்லை. அவரை அளந்து பார்க்கும் வேலை 1970களில் அமெரிக்காவில் தொடங்கியது. பழங்கட்டடப் பாதுகாப்பில் பெயர்பெற்ற ஜேம்ஸ் மார்ஸ்டன் ஃபிட்ச், ஜான் டெம்ப்ளர், பால் கார்கரன் மூவரும் படியின் பரிமாணங்களைப் பற்றி 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழின் 1974 அக்டோபர் மாதப் பதிப்பில் எழுதினார்கள். ஏறும் இறங்கும் மனிதர்களை ஒளிப்பதிவு செய்து, எந்தப் படியில், எப்படி, எவ்வளவு தவறு நேர்கிறது என்று எண்ணும் ஆய்வுகள் அக்காலத்தில் நடந்தன. 1979இல் அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய நிறுவனம் படிப் பாதுகாப்பு வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. டெம்ப்ளர் தம் வாழ்நாள் உழைப்பை 'படிக்கட்டு' என்ற தலைப்பில் 1992இல் இரண்டு தொகுதிகளாக்கினார். ஒன்று படிக்கட்டின் வரலாறும் கோட்பாடும். மற்றது படியின் அபாயங்களையும் வீழ்ச்சிகளையும் பற்றியது.

இந்த ஆய்வுகளிலிருந்து நாம் அறிவன சில. காயம் விளைவிக்கும் வீழ்ச்சிகளில் பெரும்பாலானவை இறங்கும்போது நேர்பவை. ஏறுகின்றவர் இடறினால் எதிரே இருக்கும் படியின்மேல் சாய்கிறார். இறங்குகின்றவருக்கு எதிரே வெறுமைதான் இருக்கிறது. மிதி குறுகியதாக இருந்தால் இறங்கும் பாதத்தின் முன்பகுதி விளிம்புக்கு வெளியே தொங்குகிறது. ஏறும்போது அதே மிதி போதுமானதாகத் தோன்றும். ஏறுபவனை மட்டும் மனத்தில் கொண்டு வகுத்த அளவு இறங்குபவனைக் கைவிடுவது இங்கேதான்.

எல்லாவற்றினும் முக்கியமானது படிகளின் சமம். முதல் ஓரிரு படிகளில் கண்ணும் காலும் சேர்ந்து ஓர் அளவை எடுத்துக்கொள்கின்றன. அதன்பின் கண் வேறெங்கோ போய்விடுகிறது; கால் அந்த அளவை நம்பி நடக்கிறது. பாறையில் வெட்டிய மலைக்கோயில் படிகளில் ஒன்றுபோல் ஒன்று இராது. ஆகவே அங்கே ஒவ்வொரு படியையும் பார்த்தே ஏறுகிறோம். சமமானது என்று தோற்றம் காட்டிவிட்டு ஓரிடத்தில் மாறும் படியே ஆபத்தானது. அமெரிக்க விதிகள் ஒரே வரிசைப் படிகளில் மிகப் பெரிய ஏற்றத்துக்கும் மிகச் சிறிய ஏற்றத்துக்கும் இடையே 9.5 மில்லிமீட்டர் வேறுபாட்டுக்கு மேல் அனுமதிப்பதில்லை. எங்கள் மாடிப்படியில் அது 42.

2012இல் நியூயார்க்கில் டீன் பீட்டர்சன் என்ற திரைப்படக் கலைஞர் இதைக் கண்முன் நிறுத்தினார். புரூக்ளினில் 36ஆம் தெரு சுரங்க ரயில் நிலையத்தின் படிக்கட்டில் ஒரு படி மட்டும் மற்றவற்றைவிட ஓர் அங்குலத்துக்கும் குறைவாகவே உயர்ந்திருந்தது. அவர் ஒளிப்பதிவுக் கருவியோடு எதிரே நின்றார். முதியவர், இளைஞர், கைக்குழந்தையோடு வந்தவர் என்று ஒருவர் பின் ஒருவராக அதே படியில் தடுக்கினார்கள். தடுக்கியவர்கள் சமாளித்துக்கொண்டு நடந்துவிட்டார்கள். தனக்கு முன் போனவரும் அங்கேயே தடுக்கினார் என்பது அவர்களுக்குத் தெரிய வழியில்லை. அந்தப் படம் இணையத்தில் பரவிய சில நாட்களில் படி சரிசெய்யப்பட்டது. எங்கள் நால்வரின் மௌனத்தை அந்தப் படத்தில் கண்டோம்.

விதிகள் இந்தியாவிலும் உண்டு. 2005ஆம் ஆண்டுத் தேசியக் கட்டட நெறித் தொகுப்பின்படி, வீடுகளின் உட்படிக்கட்டில் மிதி 250 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது, ஏற்றம் 190க்கு மிகலாகாது. பள்ளி, விடுதி, அலுவலகம், மக்கள் கூடும் அரங்கு போன்ற பிற கட்டடங்களுக்கு மிதி 300, ஏற்றம் 150. உள்ளாட்சி அமைப்புகள் தம் விதிகளில் சேர்த்துக்கொண்டால் அன்றி இந்த நெறிகள் தாமாகக் கட்டுப்படுத்தா. அமெரிக்காவிலும் வீட்டுப்படிக்குச் சலுகை காட்டுகிறார்கள். பொதுக் கட்டடங்களுக்கு 7 அங்குல ஏற்றம், 11 அங்குல மிதி என்பது வரம்பு. வீடுகளின் மாதிரி விதியில் ஏற்றம் ஏழே முக்கால் அங்குலம் வரை போகலாம், மிதி 10 அங்குலம் இருந்தால் போதும். குழந்தையும் முதியவரும் இரவில் விளக்கின்றி இறங்குவது வீட்டுப்படியில்தான். செங்குத்தாகவும் குறுகலாகவும் இருக்க இரு நாடுகளும் அனுமதிப்பது அந்தப் படியைத்தான்.

உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, கீழே விழுவதால் ஆண்டுதோறும் 6,84,000 பேர் இறக்கிறார்கள். படியில் விழுவது, கட்டிலிலிருந்து விழுவது, மரத்திலிருந்து விழுவது எல்லாம் சேர்ந்த கணக்கு இது. எதிர்பாராக் காயங்களால் நேரும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். சாலையில் ஒருவர் இறந்தால் வண்டியை, வளைவை, விளக்கை விசாரிக்கிறோம். படியில் விழுந்தால் விழுந்தவரின் வயதைக் கேட்கிறோம்.

கட்டடத்தின் உரிமையாளரிடம் அளவுகளைக் காட்டினோம். "இத்தனை பேர் ஏறி இறங்கினார்கள், அவர் ஒருவர்தானே விழுந்தார்" என்றார். அவர் கெட்டவரல்லர், நண்பரின் மருத்துவச் செலவில் ஒரு பகுதியைத் தாமே முன்வந்து ஏற்றவர். எங்கள் பொறியாளர் காகிதத்தில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். உயர்ந்துவிட்ட 42 மில்லிமீட்டரை 17 படிகளுக்கும் பகிர்ந்தால் ஒரு படிக்கு இரண்டரை மில்லிமீட்டர்கூட வராது. எந்தக் காலும் அதை உணராது. அதே 42ஐ ஒரே படியில் வைத்தால் இடுப்பு முறிகிறது. உரிமையாளர் அந்தக் காகிதத்தை இரண்டு முறை பார்த்தார். தை மாதத்தில் கொத்தனாரை வைத்து மேற்படிகளைப் படிப்படியாக உயர்த்திச் சமன்செய்தார். சுவரோரம் ஒரு கைப்பிடியும் வந்தது.

நாடாவால் அளந்த தாளின் பிரதியை நண்பரிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பதினேழு எண்களையும் கீழிருந்து மேலாக விரலால் தொட்டுப் படித்தார். கடைசி எண்ணில் விரல் நின்றது. வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் நான் சரியாகத்தான் கால் வைத்திருக்கிறேன்" என்றார்.